கண்ணாடிக்குப் பின்னால் எரிந்த நீல விளக்கு

அன்புள்ள மகனுக்கு,

நான் பேசாமல் இருந்த காலம் போதும். உன் மாமா வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று நான் ஒதுங்கியதிலிருந்து, தன் தம்பியின் பேச்சை எடுத்தாலே உன் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள், நீ "அப்புறம் பேசறேன்பா" என்று போனை வைத்துவிடுகிறாய். நானும் பழகிக்கொண்டேன். நேற்று உன் கிளினிக் திறப்பு விழாவுக்கான அழைப்பிதழ் வந்தது. வரவேற்பவர்கள் வரிசையில் உன் மாமா பெயர் தடித்த எழுத்தில் முதலில் இருக்கிறது. என் பெயர் அதற்குக் கீழே, பட்டம் இல்லாமல் இருக்கிறது. இது அச்சகத்துத் தவறு என்று நீ சொல்வாய். உன் மாமா ப்ரூஃப் பார்க்காமல் எதையும் அச்சுக்குக் கொடுப்பவர் இல்லை. போகட்டும், அதற்காக இதை எழுதவில்லை. அழைப்பிதழ் வந்த அன்றே உன் மாமா குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் போட்டிருந்தார். அம்மா ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். அந்தப் போட்டோவுக்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் என்றால் அது ஸ்பீக்கரில்தான் இருக்கும், நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உன் அம்மா இரண்டு சமாதானம் சொல்லிவிடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

போட்டோவில் நீயும் மாமாவும் நிற்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவருடைய லேப் இருந்த அதே முன்கூடம். லேபை மாடிக்கு மாற்றிவிட்டு, கீழ்த்தளத்தை உனக்குத் தருகிறார். நல்ல மனசு என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். அந்தக் கூடத்தை நீ எட்டாவது படிக்கும்போது பார்த்திருப்பாய். கிழக்குப் பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள் இருந்தன. மத்தியானத்துக்கு மேல் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே வந்து, மேசை மேல் இருக்கும் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகும். ரத்தம் கொடுக்க வந்தவர்களே எழுந்து பொறுக்கிக் கொடுப்பார்கள். எக்ஸ்ரே வைத்த பிறகு இருமிக்கொண்டு வருகிறவர்கள் கூட்டம் அதிகமானது. அந்தச் சமயத்தில்தான் உன் மாமா ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்து ஏசி மாட்டினார். ஏன் என்று கேட்டேன். "ஏசி இல்லன்னா எதிர் லேபுக்குப் போயிடுறாங்க மாமா. பாதி பேரு சும்மா ஜில்லுன்னு உக்காரத்தான் சுகர் டெஸ்டுக்கே வர்றாங்க," என்றார். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அவருடன் சேர்ந்து சிரித்த நாட்களும் உண்டு என்பதை நீ மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்போதுதான் உன் அம்மா அங்கே ரிசப்ஷனில் உட்கார ஆரம்பித்திருந்தாள். நீ மருத்துவம் படிக்கப் போன பிறகு வீடு அவளுக்குப் பெரிதாகிவிட்டது. தினமும் சிதம்பரத்தில் பஸ் ஏறி கடலூர் போய் வருவாள். அவள் உட்காரும் மேசை அடைத்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது. எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், வரிசையாக இருமுகிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு மீன் குழம்பு சாப்பிட வந்த உன் மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். காசநோய்க்காரர் இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். அதைப் பற்றிப் பயமில்லை. கண்ணுக்கே தெரியாத சின்னத் துளிகள்தான் விழாமல் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அந்த அறையின் காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்கித் தரும். அவர் இருமிவிட்டுப் போன பிறகும் அடுத்து வருகிறவர் அதையேதான் சுவாசிப்பார். ஜன்னலைத் திறக்க மனமில்லை என்றால், கூரைக்குக் கீழே, ஆள் தலைக்கு மேலே, புற ஊதா விளக்கு ஒன்றைச் சுவரில் மாட்டு. அதன் கதிர் மேல் பகுதியில் மட்டும் பாயும். மின்விசிறி மெல்லச் சுற்றினால் கீழே இருக்கும் காற்று மேலே போய், அந்தக் கதிரில் நனைந்து, கிருமி பெருக முடியாமல் திரும்ப இறங்கும். இவ்வளவுதான் சொன்னேன். உன் மாமா எலும்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "அக்கா, மாமாவ சாப்பிடும்போது சளியப் பத்திப் பேசாம இருக்கச் சொல்லு. காலேஜ்ல காசு குடுத்துக் கேக்குறவங்க இருக்காங்கல்ல."

அதே விஷயத்தை ஆறேழு மாதம் கழித்துப் புதுச்சேரியிலிருந்து டை கட்டிய விற்பனைப் பையன் ஒருவன் வந்து சொன்னான். உடனே மாட்டிவிட்டார். அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். வந்தவர்களிடம் எல்லாம் "கடலூர்லயே மொத மொதல்ல நம்ம லேப்லதான். நானே யோசிச்சிப் போட்டது," என்றார். நான் ஓரமாக நின்று கேசரி சாப்பிட்டேன். கல்லூரியில் என் துறையில் எனக்குப் பின்னால் வந்தவனைத் தலைவராக்கிய அன்றைக்கும் இப்படித்தான் ஓரமாக நின்று கேசரி சாப்பிட்டேன். கேசரி எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் சர்க்கரை இல்லை. ஆனால் விளக்கு சரியாகத்தான் மாட்டப்பட்டிருந்தது. கூரை நல்ல உயரம். முன்பக்கம் தகடுகள் வரிசையாக வைத்த இரும்புப் பெட்டி. அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகக் கதிர் கீழே சாயாமல் நேராக மட்டும் போகும். உள்ளே மெல்லிய நீல வெளிச்சம். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா சொன்னாள், "நீங்க சொன்னதத்தான போட்டிருக்கான். விடுங்களேன்." விட்டேன். என் மனைவி அந்த விளக்குக்குக் கீழே உட்காரப் போகிறாள், யார் யோசனையாக இருந்தால் என்ன என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அன்று நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். எல்லா லேபிலும் நடப்பதுதான், நீயும் பார்த்திருக்கிறாய். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, எக்ஸ்ரே மெஷினுக்கு மாலை, ஊசி வைக்கும் தட்டுக்குக்கூட சந்தனம். அந்த இரும்புப் பெட்டியைத் துடைக்க ஏறியவர்கள் உள்ளே தூசியும் செத்த பூச்சியும் கிடப்பதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். உன் மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துச் சுவரில் பிள்ளையார் படத்துக்கு அலுமினியச் சட்டம் வைத்துக் கண்ணாடி போட்டிருந்தாரே, அதே ஆளைக் கூப்பிட்டு அதே மாதிரி ஒன்று இந்தப் பெட்டியின் முகத்துக்கும் போட்டுவிட்டார். மேலே மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். அதற்குப் பிறகு தூசி இல்லை, பூச்சி இல்லை. நீல வெளிச்சம் முன்பைவிட அழகாகத் தெரிந்தது என்று அம்மாவே சொல்வாள். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். பாதுகாக்க வேண்டிய பொருளுக்குக் கண்ணாடி போடுவது நம் ஆட்களின் வழக்கம். டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, பட்டனில் எழுதியது மறைந்த பிறகும் கழற்றாமல் வைத்திருக்கிறவர்கள்தானே நாம்.

கண்ணாடி என்ன செய்யும் என்று நீ பள்ளிக்கூடம் போகும்போதே சொல்லிக்கொடுத்திருப்பேன். நம் கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சத்தைச் சாதாரணக் கண்ணாடி வெளியே விடும். கிருமியைக் கொல்லும் கதிரை விடாது, அங்கேயே நிறுத்திவிடும். அந்த விளக்கின் குழாயே அதற்கென்று தனியாகச் செய்த கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியில் அதைச் செய்ய முடியாது. ஆகவே ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து அந்தக் கூடத்தில் எரிந்தது விளக்கு இல்லை, விளக்கின் படம். அதை நம்பித்தான் அம்மா முகக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். மூச்சு முட்டுகிறது என்பாள். "மேலதான் லைட்டு எரியுதே," என்பாள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், பாதி மட்டும் தெரியும். நீ விடுதியில் இருந்தாய். சாயங்காலம் ஆனால் அவளுக்கு உடம்பு சுடும். ரவிக்கை தொளதொள என்று ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இளைத்து அழகாகிவிட்டீர்கள் என்றார்கள், அவளும் சந்தோஷப்பட்டாள். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்த அன்று, ரிப்போர்ட் வாங்க உன் மாமா லேபுக்கு நானே போனேன். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து காத்திருந்தேன். தலையை நிமிர்த்தியபோதுதான் அந்தக் கண்ணாடியை முதல் தடவையாகப் பார்த்தேன்.

மறுநாள் கல்லூரி லேபிலிருந்து ஒரு சின்ன ஒளிரும் தட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கதிர் பட்டால் தட்டு பச்சையாக ஒளிரும். இடையில் கண்ணாடியை வைத்தால் அணைந்துபோகும். பத்து வயசுப் பிள்ளைக்கும் புரியும். உன் மாமாவிடம் சொன்னேன். அவர் கல்லாவில் நின்றபடியே கேட்டார், "கண்ணாடி வழியா வெயிலு வருதா இல்லையா மாமா? அது வந்தா இதுவும் வரும்." வெயில் வேறு, இது வேறு, ஒரு நிமிஷம் ஸ்டூல் மேல் ஏறிக் காட்டுகிறேன் என்றேன். கண்ணுக்குப் போடும் கண்ணாடியும் கையுறையும்கூடக் கொண்டுபோயிருந்தேன். "கஸ்டமர் உக்காந்திருக்காங்க. இப்ப நீங்க மேல ஏறி நின்னா அவுங்க என்ன நெனைப்பாங்க? நீங்க பேசுறதக் கேட்டாலே கிருமி ஓடிடும் மாமா, லைட்டே வேணாம்." உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவுக்கு என்ன என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் தோளைப் பிடித்து வாசல் வரை கூட்டிவந்து, தாழ்ந்த குரலில், "அக்காவுக்கு நிமோனியான்னே சொல்லிக்கலாம். டிபின்னா லேபுக்கு ஒருத்தன் வரமாட்டான்," என்றார். தட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் இடம் வந்ததும், வழக்கம் போல எல்லாரும் வாசனை தாங்காமல் ஜன்னல்களைச் சாத்தினார்கள். நானும் சாத்தினேன்.

அன்று இரவு போனில் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அப்பா, அம்மாவுக்கு அந்த பஸ்லயே தொத்தியிருக்கலாம். கம்பெனிங்க கிட்ட எல்லாரும் ஜன்னல மூடுறாங்கல்ல. எங்க வந்துச்சுன்னு நிரூபிக்க முடியாதுப்பா." மருத்துவம் படிக்கிறவன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாய். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எங்கே தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் உனக்கு இன்னும் மன்னிக்கவில்லை. உண்மை என்பதால் மன்னித்துவிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. அம்மா ஆறு மாதம் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டுத் தேறினாள். இப்போதும் கோயிலைச் சுற்றிவரும்போது தெற்கு வீதி முனையில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் நடக்கிறாள். தம்பியிடம் தினமும் பேசுகிறாள். நான் அந்த நேரம் மாடிக்குப் போய் துணி எடுக்கிறேன், காயாத துணியாக இருந்தாலும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் மாமா கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறார். பூ வேலை, உள்ளே சின்னச் சின்ன லைட்டு, தங்க நிறத்தில் பளபளக்கும் பெயின்ட். அதற்காகக் கூரையை நன்றாக இறக்கியிருக்கிறார். ஜன்னல்கள் இருந்த இடத்தில் சுவர்த்தாள் ஒட்டியாகிவிட்டது. பழைய விளக்குப் பெட்டியைக் கழற்றி, புதுக் கூரைக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். அதே கண்ணாடி, அதே மூன்று கோடு. அவர் உன் தோளில் கை போட்டிருக்கிறார். உன் தலைமுடிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இருக்குமா என்று தெரியவில்லை. உயரத்தில் நீ என் அப்பா மாதிரி.

இந்தப் போட்டோவைப் பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, அந்தக் கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்றுதான். இத்தனை வருஷம் நான் கேட்க ஆசைப்பட்டது அந்த ஒரு சத்தம், அலுமினியச் சட்டத்தின் ஸ்க்ரூ கழலும் சத்தம். அம்மாவின் போனில் உன் எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் வைத்துவிட்டேன். நான் கழற்று என்று சொன்னால், நீ நெஞ்சு நோய் படித்தவன், காரணம் புரிந்து அன்றைக்கே கழற்றிவிடுவாய். அந்தப் பெட்டி இப்போது இருக்கும் உயரத்தில், கண்ணாடி இல்லாமல் அது எரிந்தால், கதிர் நேராகவும் அந்தப் பளபளக்கும் கூரையில் பட்டுத் திரும்பியும் உன் கண்ணுக்கும் கழுத்துக்கும்தான் வரும். சாயங்காலத்துக்குள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் இருக்கும், தோல் சிவந்து எரியும். இன்றைய நிலையில் அந்தக் கூடத்தில் உன்னைக் காப்பாற்றுவது உன் மாமா போட்ட கண்ணாடிதான். இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே பொறுமையாகக் கேள். முதலில் அந்த விளக்கை அணைத்து வை, ஒயரையே கழற்றிவிடு. எரிகிறதே என்ற நம்பிக்கைதான் அதில் மிச்சம், அதுதான் ஆபத்து. பிறகு சுவர்த்தாளைக் கிழித்து அந்த இரண்டு ஜன்னல்களையும் திற. கடல்காற்று சும்மா கிடைக்கிற ஊரில் பிறந்தவர்கள் நாம். ஏசி இல்லாவிட்டால் நோயாளி வரமாட்டார் என்று மாமா சொல்வார். லேபுக்குச் சொன்னது அது. மூச்சு விடமுடியாமல் வருகிறவர் காற்று வரும் இடத்துக்குத்தான் வருவார். காத்திருக்கும் கூடத்தில் மட்டுமாவது அந்தப் பொய்க் கூரையை எடுத்துவிடு. உயரம் திரும்பக் கிடைத்தால் விளக்கைப் புதிதாகப் போடலாம். கிடைக்காவிட்டால் விளக்கே வேண்டாம், ஜன்னல் போதும். போடுவதாக இருந்தால் எத்தனை, எங்கே என்று அதையே தொழிலாகச் செய்கிறவர் வந்து சொல்லட்டும். மாட்டிய பிறகு, ஆள் நிற்கும் உயரத்தில் கதிர் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. மின்விசிறி மெதுவாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கும் காற்றும் கீழே இருக்கும் காற்றும் சந்திக்கவே சந்திக்காது. குழாயின் நீலம் எத்தனை நாள் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் சத்து அதற்கு முன்பே போய்விடும். தயாரித்தவர் சொன்ன காலத்தில் மாற்று, பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று விடாதே. துடைப்பதற்கு முன் அணைத்து, ஆறவிட்டு, ஸ்பிரிட்டால் துடை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் சுவிட்சுக்கு வை. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். இதையெல்லாம் செய்தாலும், இருமிக்கொண்டு வருகிறவரை வரிசையில் உட்கார வைக்காமல் முதலில் கூப்பிடு, முகத்துக்கு ஒரு கவசம் கொடு. விளக்கு டாக்டர் வேலை செய்யாது.

உனக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீயாவது உள்ளே தனி அறையில் இருப்பாய். ரிசப்ஷனுக்கு சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள் என்று அம்மா சொன்னாள். நர்சிங் முடித்தவளாம், தினமும் பஸ்ஸில் வந்து போவாளாம், "நல்லா கலகலன்னு பேசுது, உங்கள மாரி இல்ல," என்றாள். அவள் உட்காரப் போகும் மேசை எங்கே என்று நான் கேட்கவில்லை. போட்டோவிலேயே தெரிகிறது. உன் அம்மா உட்கார்ந்த இடம். அந்தப் பெண்ணும் ஒருநாள் தலையை நிமிர்த்தி, மேலேதான் லைட் எரிகிறதே என்று நினைப்பாள். அப்படி நினைக்கிறவளுக்கு அது உண்மையாக இருக்க வேண்டும். அவளுக்கு ஏதாவது ஆனால், எங்கே வந்தது என்று நிரூபிக்க முடியாது என்று நீயே சொல்வாய், அதுவும் சரியாகவே இருக்கும்.

இதுவரை எழுதியபோது அம்மா காபியோடு வந்தாள். "யாருக்கு எழுதறீங்க?" என்றாள். பையனுக்கு என்றேன். பின்னால் நின்று கடைசிப் பக்கத்தைப் படித்தாள். முழுக்கவும் படித்திருப்பாள், அவள் வேகம் உனக்குத் தெரியும். கோபப்படுவாள் என்று பார்த்தேன். "எல்லாம் சரிதான். ஆனா உங்க பேரப் போட்டு அனுப்பினீங்கன்னா ஒண்ணும் நடக்காது," என்றாள். ஏன் என்றேன். "இவன் கொண்டுபோயி மாமா, அப்பா இப்படிச் சொல்றாருன்னு நிப்பான். உங்க பேரக் கேட்டாலே என் தம்பி அந்தக் கண்ணாடி மேல இன்னொரு கண்ணாடி மாட்டுவான். டை கட்டிக்கிட்டு எவனாவது சொன்னாத்தான் அவனுக்கு ஏறும்." சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். கதவருகே நின்று, "ஜன்னலத் தொறந்தா அந்தப் பொண்ணுக்கு ரிப்போர்ட்டெல்லாம் பறக்கும். பேப்பர் வெயிட்டு வாங்கி வெக்கச் சொல்லுங்க," என்றாள்.

அவள் போன பிறகு பேனாவை மறுபடி எடுத்தேன். என் பெயரை விட்டவர்கள், கீழே இறக்கியவர்கள் எல்லாரையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன். நேற்றும் அந்த அழைப்பிதழ் வரைக்கும் எல்லாரையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். இந்த விளக்கை முதலில் சொன்னது நான் என்று உன் மாமா ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்வார் என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் காத்திருந்தது உண்மை. இனி அவர் சொல்லப் போவதில்லை. நீ ஒரு டை கட்டிக்கொள், படித்த டாக்டர் நானே யோசித்தேன் என்று சொல். அவர் திறப்பு விழாவில் அதைத் தன் யோசனை என்று மைக்கில் பேசட்டும். ஜன்னல் திறந்திருந்தால் நான் வருகிறேன், ஓரமாக நின்று கேசரியும் சாப்பிடுகிறேன். அந்த ஒளிரும் தட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, கல்லூரிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. மீட்டர் வரும் வரைக்கும் அது உனக்கு உதவும், அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் கொடுத்தாள் என்றே சொல்.

என் கையெழுத்தை உனக்குத் தெரியும். அது போதும். கீழே எப்போதும் பெயர் எழுதும் இடத்தை அப்படியே விட்டு மடித்துவிட்டேன். கல்லூரிக்குப் போகிற வழியில், இப்படியே, பெயர் போடாமல், தபால் பெட்டியில் போடப் போகிறேன்.